மணிமுத்தாற்றில் போட்டது, வடநெம்மேலியில் எடுத்தது

கடற்கரை ரிசார்ட்டில் அம்மாவும் அப்பாவும் நிற்கிற படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வந்த முதல் கேள்வி, "எவ்ளோ ஆச்சு?" இரண்டாவது கேள்வியும் அதேதான், வேறொருவரிடமிருந்து. அறை வாடகை என்று ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை, பாயிண்ட்டில் தங்கினோம் என்று பதில் போட்டேன். அப்புறம்தான் சந்தேகங்கள் ஆரம்பித்தன. லாட்டரி விழுந்ததா, கம்பெனி பரிசா, ஏதாவது திட்ட விளக்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தீர்களா, பின்னாடி பணம் கேட்டு போன் வருமா?

ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். விருத்தாசலத்திலிருந்து கிளம்பி வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். செராமிக் படித்துவிட்டு குஜராத்தின் மோர்பிப் பக்கம் டைல்ஸ் ஆலைகளுக்குப் போனவர்கள் உண்டு, என்னைப் போல மென்பொருள் பக்கம் போனவர்களும் உண்டு. அவர்களில் பலருடைய ஓட்டல் உறுப்பினர் கணக்கில் அவர்களே மறந்துபோன பாயிண்ட் கிடக்கிறது. நம்மூரில் பாயிண்ட் சேர்கிற ஓட்டல் கிடையாது என்பதால் இந்தப் பேச்சே இங்கே யார் காதிலும் விழுவதில்லை.

என் வேலை, தொழிற்சாலைகளில் கணக்கு, கிடங்கு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாக்கும் மென்பொருளை நிறுவிக் கொடுப்பது. அகமதாபாத், புனே, ஹைதராபாத் என்று வாரக்கணக்கில் வாடிக்கையாளர் ஊரிலேயே தங்க வேண்டியிருக்கும். அறையை நிறுவனம் போடும். நான் செய்ததெல்லாம், ஒவ்வொரு பதிவிலும் என் உறுப்பினர் எண்ணைச் சேர்க்கச் சொன்னது. நான் இருப்பது மாரியட் ஓட்டல் நிறுவனத்தின் பான்வாய் திட்டத்தில். அவர்களுடைய பெரும்பாலான ஓட்டல்களில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயிண்ட் சேரும். வாடகையை ரூபாயில் கட்டினாலும் கணக்கு டாலரில்தான் ஓடும்.

பாயிண்ட் ஒரு பக்கம் சேரும்போது, தங்கிய இரவுகளின் எண்ணிக்கை இன்னொரு பக்கம் ஏறும். ஒரு ஆண்டில் 10 இரவு என்றால் சில்வர், 25 என்றால் கோல்டு, 50 என்றால் பிளாட்டினம், 75 என்றால் டைட்டானியம். பிளாட்டினம் வந்த அன்று நிறுவனத்தில் எல்லாரும் வாழ்த்தினார்கள். நான் அந்த 50 என்ற எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆண்டில் 50 இரவு அம்மா வீட்டில் இல்லாத ஒரு குழந்தை இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். அந்த இரவுகளில் என் மகளுக்குச் சோறு ஊட்டியதும், தலைவாரிப் பள்ளிக்கூட வேனில் ஏற்றியதும், காய்ச்சல் அடித்த ராத்திரியில் ஜங்ஷன் ரோட்டில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவளுடைய ஆயாவும் தாத்தாவும். ஓட்டல் கணக்கில் என் பெயர் இருக்கிறது. அதைச் சம்பாதித்ததில் அவர்கள் பங்கு என் பங்குக்குக் குறைவில்லை.

இந்தப் பாயிண்ட் யாருடையது என்பது உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். ஜெர்மனியில் 2002ஆம் ஆண்டு நாடாளுமன்றப் பணிக்காகப் பறந்ததில் சேர்ந்த விமான மைல்களை எம்.பி.க்கள் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று பெரிய சர்ச்சை வெடித்து, ஜெம் ஓஸ்டெமிர், கிரகோர் கீசி போன்ற தலைவர்கள் பதவியிலிருந்து விலகினார்கள். நம் நாட்டிலும் மத்திய அரசு ஊழியர்கள் அலுவல் பயணத்தில் சேர்த்த விமான மைல்களை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று நிதி அமைச்சகத்தின் விதி இருக்கிறது. தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் ஊழியருக்கே விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் பெரும்பாலும் என்பதை நம்பி இறங்க வேண்டாம். நான் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் எழுதி, உங்களுக்கே உரியது என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் பயன்படுத்தினேன். சந்தேகம் உள்ளவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.

ஓட்டல்காரர்கள் ஏன் இப்படிக் கொடுக்கிறார்கள்? இதைத்தான் அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்வி. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் வாடிக்கையாளர்கள் வேறு விமானத்துக்குப் போகாமல் இருக்க மைல் கணக்கு ஆரம்பித்தது. 1983இல் ஹாலிடே இன், மாரியட் ஓட்டல்களும் அதே வழியில் வந்தன. 1987இல் ஹில்டன். நிறுவனம் பணம் கட்டுகிறது, ஆனால் எந்த ஓட்டல் என்பதைப் பயணம் போகும் ஊழியர்தான் சொல்கிறார். அந்த ஊழியரின் மனத்தைப் பிடிப்பதற்கான விலைதான் பாயிண்ட். அது சில்லறை விலை அல்ல. 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ் திட்டத்தையே ஈடாக வைத்து 500 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியது. பறக்காத விமானத்தைவிட, பறக்கப் போகிறவர்களின் கணக்குப் புத்தகத்துக்கு மதிப்பு இருந்தது. "அப்ப இது சும்மா குடுக்கறது இல்ல, யாவாரந்தான்" என்றார் அப்பா. அப்புறம்தான் வருவதற்குச் சம்மதித்தார். சும்மா வருவது எதையும் அவர் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அம்மாவுக்கு நான் வேறு மாதிரி சொன்னேன். நம்மூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேறு எங்கேயும் போக வேண்டாம். சுந்தரர் திருமுதுகுன்றத்துக்கு, அதாவது நம் விருத்தாசலத்துக்கு, வந்து பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்றார். அவ்வளவு பொன்னையும் திருவாரூர்வரை எப்படிச் சுமப்பது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்பது இறைவன் வாக்கு. சுந்தரர் அப்படியே செய்தார். ஆனால் போடுவதற்கு முன்னால் மச்சம் என்று ஒரு சிறு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. திருவாரூரில் குளத்தில் இறங்கித் தேடினால் உடனே அகப்படவில்லை. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறீர்களா என்று அவர் மனைவி பரவையார் கேலி பேசுகிறார். பதிகம் பாடிய பிறகு பொன் கிடைக்கிறது. மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருக்கிறது. மறுபடியும் பாடிய பிறகே முழு மாற்றுக்கு வருகிறது. அந்தப் பொன்னை உரைத்துச் சொன்ன மாற்றுரைத்த விநாயகர் இன்றைக்கும் கமலாலயக் கரையில் இருக்கிறார்.

அம்மா இந்தக் கதையைக் கோயிலில் எத்தனையோ தடவை கேட்டவர். ஓர் ஊரில் போட்டதை வேறோர் ஊரில் எடுக்கலாம், ஆனால் எடுக்கும்போது மாற்றுக் குறைந்திருக்கலாம் என்றதும், மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

மாற்றுக் குறைவதுதான் இதில் எல்லாரும் கவனிக்க வேண்டியது. மாரியட் 2016இல் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கியது. ஸ்டார்வுட்டில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அங்கே ஒரு பாயிண்ட் இங்கே மூன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை மூன்று மடங்கானது, அறைகளின் பாயிண்ட் விலையும் வேறாகிவிட்டது. 2019 பிப்ரவரியில் எல்லாம் பான்வாய் என்ற ஒரே பெயருக்குள் வந்தது. 2022 மார்ச்சில் இந்த ஓட்டலுக்கு இத்தனை பாயிண்ட் என்ற நிலையான பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இப்போது விலை நாளுக்கு நாள் மாறும், ரயில்வே பிளெக்ஸி கட்டணம் மாறுகிற மாதிரி. பணத்தை வங்கியில் போட்டால் வட்டி உண்டு. பாயிண்ட்டுக்கு வட்டி கிடையாது, பணவீக்கம் மட்டும் உண்டு, அந்தப் பணவீக்கத்தைத் தீர்மானிப்பதும் அதை வெளியிடுகிறவர்களே. பத்து வருடம் சேர்த்து ஓய்வுபெற்ற பிறகு மாலத்தீவு போவேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதனால் நானும் மச்சம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தை மாதமும் ஒரே ரிசார்ட்டில், ஒரே மாதிரி அறைக்கு, ஒரு புதன்கிழமைக்கு ரூபாயில் எவ்வளவு, பாயிண்ட்டில் எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதிவிடுவேன். ஒரு பாயிண்ட்டின் மதிப்பு அதிலிருந்து தெரிந்துவிடும். உதாரணமாக வாடகை 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எனவே வரியோடு 16,520. அதே அறை 20,000 பாயிண்ட் என்றால் ஒரு பாயிண்ட் ஏறக்குறைய 83 பைசா. வரியைச் சேர்க்காமல் கணக்குப் போடாதீர்கள். பாயிண்ட்டில் எடுத்த இரவுக்கு வாடகையும் அதன் வரியும் பில்லில் வராது என்பதால் அந்த 2,520 ரூபாயும் உங்களுக்கு மிச்சம்தான். 60 பைசாவுக்குக் கீழே போனால் நான் எடுப்பதில்லை. இது என் சொந்த வரம்பு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

சரி, சூட் அறை எப்படிக் கிடைத்தது? சூட்டையே பாயிண்ட் கொடுத்து வாங்கினால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. சாதாரண அறையைப் பாயிண்ட்டில் பதிவு செய்துவிட்டு, பிளாட்டினம் தகுதியை வைத்து மேலே ஏறுவதுதான் வழி. 50 இரவைத் தாண்டும்போது ஒரு பரிசைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதில் ஐந்து இரவுக்கு அறையை உயர்த்திக்கொள்ளும் சீட்டு ஒன்று. காலியாக இருந்தால் தங்குவதற்குச் சில நாள் முன்பே உறுதியாகிவிடும். சீட்டு இல்லாவிட்டாலும், போய் இறங்குகிற அன்று காலியாக இருக்கும் சூட்டைப் பிளாட்டினம் உறுப்பினருக்குக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. இரண்டிலும் உயிர்நாடி "காலியாக இருந்தால்" என்பதே. அதற்கு வார நாள், அதுவும் பள்ளி விடுமுறை இல்லாத வார நாள். ஓட்டலுக்கும் அதில் லாபம் இருக்கிறது. நாம் பாயிண்ட்டில் தங்கினால் திட்டத்தை நடத்தும் நிறுவனம் அந்த ஓட்டலுக்கு ஒரு தொகை கொடுக்கும். அறைகள் காலியாகக் கிடக்கும் நாளில் அது சிறிய தொகை, ஓட்டல் நிரம்பி வழியும் நாளில் ஏறக்குறைய முழு வாடகை. காலி நாளில் போனால் எல்லார் முகமும் மலர்ச்சியாக இருக்கும்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் மிக வசதியான சாலை. கோவளத்தில் தாஜ் பிஷர்மேன்ஸ் கோவ், 1974இலிருந்து இருக்கிறது. பழைய கோட்டை இருந்த இடம் அது. 1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோவளம் கோட்டை. அந்த ஓட்டலில் டாடாவின் நியூகாயின் செல்லும், ஒரு காயின் ஒரு ரூபாய், கணக்குப் போட மூளையே வேண்டாம். கொஞ்சம் தள்ளி நெம்மேலியில் இண்டர்காண்டினென்டல், அது ஐஎச்ஜி திட்டம். மாமல்லபுரத்தில் ரேடிசன் ப்ளூவின் டெம்பிள் பே. நடுவில் வடநெம்மேலியில் ஷெரட்டன் கிராண்ட், அது மாரியட் குடும்பம். நாங்கள் போனது அதற்கு.

காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் விருத்தாசலத்தில் ஏறி தாம்பரத்தில் இறங்கி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் காரில் போனோம். சூட் கிடைத்ததன் உண்மையான பயன் எனக்கு உள்ளே போனதும் தெரிந்தது. படுக்கையறை தனி, உட்காரும் அறை தனி. அப்பா ஒன்பது மணிக்குத் தூங்குகிறவர். மகள் தூங்க மாட்டாள். ஒரே அறையாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் சங்கடப்பட்டிருப்பார். கூடுதல் கட்டிலுக்கு மட்டும் தனியே பணம் கட்டினோம்.

அப்பா எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையில் வேலை பார்த்தவர். மின்சார ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், கொஞ்சம் பொம்மை. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண் வந்து இறங்குவதையும், மோல்டில் ஊற்றி எடுப்பதையும், கிளேஸ் போட்டுச் சூளையில் அடுக்குவதையும் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். சூட்டில் நுழைந்ததும் அவர் கடலைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த காபிக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார். நகத்தால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டினார். கணீரென்று சத்தம் வந்தது. "விரிசல் இல்ல. நல்லா வெந்திருக்கு" என்றார். அப்புறம் குளியலறைக்குப் போய் வாஷ்பேசினின் உள்வளைவை விரல்களால் தடவினார். கிளேஸில் ஊசித்துளை இருக்கிறதா என்று தேடுகிற தடவல் அது, எனக்குத் தெரியும். அந்த அறையில் இதுவரை தங்கிய விருந்தாளிகளில் அந்தக் கோப்பைக்கும் பேசினுக்கும் உரிய மரியாதையைக் கொடுத்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. சொகுசு என்று நாம் சொல்கிற இடத்தில் பாதிப் பொருள் மண்ணிலிருந்து சூளையில் வெந்து வருவது. தரை, சுவர், தட்டு, கோப்பை, தொட்டி. அதைச் செய்யத் தெரிந்த கைகள் அந்த அறையில் விருந்தாளியாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பணம் கொடுத்து அவரை அங்கே கூட்டிப்போக எனக்கு வசதி இருந்திருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார். ஓர் இரவுக்கு இவ்வளவா என்று படியிலேயே திரும்பியிருப்பார். பாயிண்ட் அந்தத் தடையை எடுத்துவிட்டது. பாயிண்ட்டின் பெரிய பலன் இதுதான் என்று நினைக்கிறேன்: நம் வீட்டுப் பெரியவர்களின் மனக்கணக்கில் அது பணமாக விழுவதில்லை.

அம்மா பால்கனியில் உட்கார்ந்தார். சாப்பிட என்ன வேண்டும் என்று யாரோ வந்து கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்துகொண்டே பதில் சொல்லலாம் ஆயா என்று மகள்தான் சொன்னாள். ஆயுள் முழுக்கப் பிறருக்குப் பரிமாறியவர். அன்று சாயங்காலம் அவர் கையில் கரண்டி இல்லை. அதற்காகவே இந்தப் பயணம் தகும்.

செலவே இல்லையா என்றால், இருக்கிறது. பாயிண்ட் அறைக்கு மட்டும். சாப்பாடு, ஸ்பா, கார் எல்லாம் பில்லில் வரும், ரிசார்ட் விலையில் வரும். பிளாட்டினத்துக்குரிய காலை உணவுச் சலுகை உறுப்பினருக்கும் உடன் தங்கும் ஒருவருக்கும்தான். நாலு பேர் போனால் மற்றவர்களுக்குக் கட்ட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் வெளியே மாமல்லபுரம் போய்விட்டோம். ரிசார்ட்டுக்குப் பக்கத்திலேயே 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பித்த முதலைப் பண்ணை. மகளுக்கு ரிசார்ட்டின் நீச்சல் குளத்தைவிட அதுதான் பிடித்தது. வேறோர் ஊரில் வேறொரு ஓட்டலில், பாயிண்ட்டில் வந்தவர் என்று தெரிந்ததும் வரவேற்பில் முகம் மாறியதையும் பார்த்திருக்கிறேன். அங்கே தயங்காமல் விதியை எடுத்துக் காட்டிக் கேளுங்கள். அந்த இரவுக்கான பணம் ஓட்டலுக்குப் போய்ச் சேர்கிறது, நாம் இரவல் வாங்கவில்லை.

என்னைப் போல அலுவல் பயணம் இல்லாதவர்கள் கிரெடிட் கார்டு வழியாகச் சேர்க்கிறார்கள். 2023 ஆகஸ்ட்டில் எச்டிஎப்சி வங்கி மாரியட்டோடு சேர்ந்து ஒரு கார்டு கொண்டுவந்தது. அறிமுகமானபோது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் வரியும், பதிலுக்கு 15,000 பாயிண்ட் வரை விலையுள்ள ஓர் இரவு. மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டிவிடுகிறவர்களுக்கு இது நல்ல பேரம். ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்கிற பழக்கம் இருப்பவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். கார்டு வட்டி விழுந்தால் எந்த ரிசார்ட்டும் இலவசம் ஆகாது. பாயிண்ட்டுக்காகத் தேவையில்லாததை வாங்குவதும் அப்படியே.

வேலைக்காக வெளியூரில் தங்குகிறவர்கள் இன்றைக்கே செயலியைத் திறந்து பாருங்கள். பான்வாயில் 24 மாதம் எந்த வரவும் செலவும் இல்லாவிட்டால் பாயிண்ட் முழுக்கப் போய்விடும், ஒரு சின்ன வரவு போதும் அந்தக் கெடு தள்ளிப்போக. கணக்கில் உள்ள பெயர் ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உறுப்பினர் எண் சேர்க்காமல் தங்கியிருந்தால், பில்லை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்குள் கேட்டு வாங்குங்கள். போதுமான அளவு சேர்ந்திருந்தால், பரீட்சையோ விடுமுறையோ இல்லாத ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பதிவில் இரண்டாவது விருந்தாளி என்று ஒரு கட்டம் வரும். நீங்கள் ஊரில் இல்லாத இரவுகளில் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் யாரோ, அவர் பெயரை அதில் எழுதுங்கள்.